அணுவின் அடிச்சுவடு கண்ட ஹெவெசி

அட்டனிலும் நுவரெலியாவிலும் விடியற்காலைக் குளிரிலே அடுப்படியிற் குந்தியிருந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்தாமல் மலைக்குப் புறப்படுவோர் எம்மவரில் அரியர். நம் தாய்மார் கிள்ளிய கொழுந்தே கடல் கடந்து பல நாடுகளிலே தேநீராகிறது என்பதையும் நாம் அறிவோம். ஆயின், அருந்திய தேநீர் உடலினுள்ளே எங்குச் செல்கிறது? அதிலுள்ள நீர் எத்தனை நாள் அங்குத் தங்குகிறது? எவ்வுறுப்புக்களை அடைந்து எப்பொழுது வெளியேறுகிறது? நாள்தோறும் தேயிலையோடு வாழும் நாம் இவ்வினாவை ஒருபோதும் எழுப்பியதில்லை.

1913ஆம் ஆண்டளவில், இங்கிலாந்து தேசத்து மான்செஸ்டர் சர்வகலாசாலையின் பௌதிக ஆய்வுகூடத்திலே இளைஞர் இருவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவர், இக்கோப்பையிலுள்ள நீரின் நுண்ணிய துகள்களுக்கு ஓர் அடையாளம் இட முடியுமாயின் அவை உடலிலே செல்லும் வழியை அறியலாமே என்று ஆசைப்பட்டார். மற்றவர் மோஸ்லி என்னும் பெரும் பௌதிக அறிஞர். அவரே இதனை நடவாத கனவென்று கருதினார். ஆசைப்பட்டவரின் பெயர் ஜோர்ஜ் டி ஹெவெசி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின் அக்கனவை அவரே நனவாக்கினார்.

அம்மட்டோ? அவர் வகுத்த வழியிலே சென்ற அறிஞரே, உயிருள்ள விலங்கின் மூளையில் ஒரு நிமிடத்திற்கு எவ்வளவு குருதி ஓடுகிறது என்பதை, மண்டையோட்டைத் திறவாமல், படமாகவே கண்டு அளக்கும் முறையை ஆக்கினர். எமது சங்கத்து மலரிலே சமயப் பெரியோரையும் தமிழ்ப் புலவரையும் நினைவுகூர்வது மரபு. இம்முறை மேனாட்டு விஞ்ஞானி ஒருவரின் சரித்திரத்தை எழுத முன்வந்துள்ளோம். அதற்குரிய காரணம் எமது குடும்பத்திலேயே உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

இளமையும் கல்வியும்

ஹங்கேரி தேசத்துத் தலைநகராகிய புடாபெஸ்டிலே 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி ஹெவெசி பிறந்தார். எண்மர் பிள்ளைகளுள் அவர் ஐந்தாமவர். குடும்பம் யூத வழி வந்தது. ஆயினும் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தது. செல்வத்திற்குக் குறைவில்லை. பியாரிஸ்ற் என்னும் கத்தோலிக்கத் துறவியர் நடாத்திய பாடசாலையிலே அவர் கல்வி பயின்றார். நெற்றியிலே திருநீறும் கையிலே மிஷன் பாடசாலைப் புத்தகமுமாக வளர்ந்த எமக்கு, துறவியரிடம் விஞ்ஞானம் பயின்ற இச்சிறுவனிடத்தே ஓர் உறவு தோன்றுகிறது. கணக்கையும் பௌதிகத்தையும் ஒழுங்கோடு கற்பிக்கும் ஆசிரியர் கிடைப்பின், அவர் எச்சமயத்தவராயினும் மாணாக்கனுக்கு அது பெரும்பேறே.

புடாபெஸ்டிலும் பேர்லினிலும் படித்தபின், ஜெர்மனியின் பிரைபேர்க் சர்வகலாசாலையிலே 1908இல் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் சூரிச் நகரத்திலும் கார்ல்ஸ்ரூவிலும் சிலகாலம் உழைத்து, 1911இல் மான்செஸ்டருக்கு வந்தார். அணுவின் நடுவே கரு ஒன்று உண்டென்பதை உலகிற்கு உணர்த்திய ரதர்போர்டு அப்பொழுது அங்கே தலைமை தாங்கினார். அவருடைய ஆய்வுகூடத்தில் இடம் பெறுவதே அக்காலத்து இளைஞருக்குப் பெருமையாயிருந்தது.

தோல்வி தந்த செல்வம்

ஆஸ்திரிய அரசாங்கம் ரதர்போர்டுக்குப் பல நூறு கிலோகிராம் ஈயத்தை அளித்திருந்தது. யோவாகிம்ஸ்தால் சுரங்கத்துத் தாதுவிலிருந்து பிரிந்த ஈயம் அது. இரேடியம் டி என்னும் கதிர்வீசும் பொருள் அதிலே கலந்திருந்தது. அது பெறுமதி மிக்கது. ஆனால் ஈயத்தோடு கூடியிருக்கும்வரை ஆராய்ச்சிக்கு உதவாதது. அதனை ஈயத்தினின்றும் வேறாக்கித் தரும்படி ரதர்போர்டு ஹெவெசியிடம் பணித்தார்.

ஹெவெசி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இவ்வேலையிலே ஈடுபட்டார். காய்ச்சினார், கரைத்தார், படியவைத்தார், இரசாயனம் அறிந்த வழிகள் பலவற்றையும் கையாண்டார். ஒன்றும் பலிக்கவில்லை. ஈயம் சென்றவிடமெல்லாம் இரேடியம் டியும் உடன்சென்றது. தலைவர் இட்ட முதற் பணியிலேயே தோற்றுப்போவதென்றால் ஓர் இளைஞனின் மனம் என்ன பாடுபடும்! பரீட்சையிலே ஒருமுறை தவறியவுடன் புத்தகத்தை மூடிவைத்துவிடும் எம் நண்பர் சிலரை இங்கு நினைக்கிறோம்.

உண்மையில் அவர் செய்ய முயன்றது இரசாயன முறையாற் செய்யவொண்ணாத காரியம். இரேடியம் டி என்பது ஈயத்தின் இன்னொரு வடிவமேயாகும். ஒரே மூலகத்தைச் சேர்ந்த அணுக்கள் நிறையிலே வேறுபட்டும் இரசாயனக் குணத்திலே ஒன்றுபட்டும் இருக்கலாம் என்பது அக்காலத்திலேதான் தெளிவாயிற்று. அத்தகைய அணுக்களைச் சமதானிகள் என்கிறோம். 1913இல் சொடி என்னும் அறிஞர் அவற்றிற்குப் பெயரிட்டார். ஈயத்தை ஈயத்தினின்றும் இரசாயனத்தாற் பிரிப்பது எங்ஙனம்?

இங்கேதான் ஹெவெசியின் மதிநுட்பம் வெளிப்பட்டது. பிரிக்க முடியாதென்றால் அந்தப் பிரியாமையையே பயன்படுத்திக்கொண்டால் என்ன என்று அவர் எண்ணினார். ஆட்டு மந்தையிலே ஓர் ஆட்டின் கழுத்தில் மணி கட்டுகிறோம். மணி கட்டிய ஆடும் மற்றைய ஆடுகள் மேய்ந்த புல்லையே மேயும். அவை சென்ற வழியிலேயே செல்லும். ஆனால் பனிமூட்டத்திலே மந்தை மறைந்தாலும் மணியோசை அஃது இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். கதிர்வீசும் ஈயம் மணி கட்டிய ஆட்டைப் போன்றது. சாதாரண ஈயத்தோடு அதனைச் சிறிதளவு கலந்துவிட்டால், ஈயம் எங்கெங்குச் சென்றாலும் கதிரை அளக்கும் கருவி அதனைக் கண்டுகொள்ளும். 1913இல் வியன்னா நகரத்து இரேடிய ஆராய்ச்சி நிலையத்திலே பனெத் என்பவருடன் கூடி, நீரிலே மிகமிக அற்பமாகவே கரையும் ஈயச் சேர்வைகளின் கரைதிறனை இம்முறையால் அவர் அளந்து காட்டினார். தராசுக்கு அகப்படாத அளவு கதிருக்கு அகப்பட்டது.

மான்செஸ்டர் வாழ்க்கையைப்பற்றி வேடிக்கையான செய்தி ஒன்றும் வழங்குகிறது. அவர் தங்கியிருந்த விடுதியிலே, உண்டு மிஞ்சிய உணவே மறுநாட்களிலும் வேறு உருவிற் பரிமாறப்படுகிறதோ என்று அவருக்கு ஐயம் எழுந்தது. தட்டிலே மிஞ்சிய உணவில் கதிர்வீசும் பொருள் சிறிதளவை ஒருநாள் இரகசியமாக இட்டார். சில நாள் கழிந்து மேசைக்கு வந்த உணவருகே மின்காட்டியைக் கொண்டுசென்றார். கருவி உண்மையைச் சொல்லிவிட்டது! இளமைக் குறும்பாயினும், உடலிலும் உலகிலும் பொருள்கள் சுற்றிவரும் வழியை அறியும் முறை முழுவதும் இச்செயலிலே அடங்கியிருந்தது. கதிர்வீசும் பொருளின் கேடுகள் நன்கு அறியப்படாத காலம் அது. இன்று எவரும் அங்ஙனம் செய்யத் துணியார்; செய்யவுங் கூடாது.

செடியிலிருந்து விலங்குக்கு

முதலாவது உலகப்போர் மூண்டது. தேநீர் மேசையில் உடனிருந்த மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போர்க்களத்திலே தம் இருபத்தேழாவது வயதில் மாண்டார். ஹெவெசி ஆஸ்திரிய ஹங்கேரியப் படையிலே சேவை செய்து, போர் முடிந்தபின் 1920இல் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனுக்குச் சென்று நீல்ஸ் போர் என்னும் பேரறிஞரின் நிலையத்தை அடைந்தார். அங்கே கொஸ்டர் என்பவருடன் சேர்ந்து 72ஆம் மூலகத்தைக் கண்டுபிடித்தார். 1922 டிசம்பரிலே போர் தமது நோபெல் பேருரையை நிகழ்த்தும் தறுவாயில் இச்செய்தி அவருக்குத் தொலைபேசி மூலம் எட்டியது. கொப்பன்ஹேகனின் பழைய இலத்தீன் பெயரைத் தழுவி அம்மூலகத்திற்கு ஹப்னியம் என்று பெயரிட்டனர்.

ஒரு மூலகத்தைக் கண்டவர் அதன் புகழிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஹெவெசியோ பழைய வினாவை மறந்தாரல்லர். கதிர்வீசும் ஈயம் கலந்த நீரிலே அவரைச் செடிகளை வளர்த்து, வேர் எவ்வளவு ஈயத்தை உறிஞ்சியது, தண்டுக்கும் இலைக்கும் எவ்வளவு சென்றது என்பதை அளந்து 1923இல் வெளியிட்டார். உயிர்ப்பொருளொன்றிலே இம்முறை கையாளப்பட்டது அதுவே முதன்முறை. செடிக்கு இட்ட உரம் எங்குச் செல்கிறது என்பதை அறிய இன்று உலகெங்கும் நடைபெறும் ஆய்வுகளுக்கெல்லாம் அவ்வவரைச் செடியே மூத்தது. 1924இல் விலங்குடலிலும் அவர் இம்முறையைக் கையாண்டார். ஆனால் ஈயமும் அதனையொத்த பார உலோகங்களும் உயிருக்கு அந்நியமானவை. உயிருக்கு வேண்டிய மூலகங்களிலே அடையாளம் இட வழி பிறக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வழி முப்பதுகளிலே பிறந்தது. அமெரிக்க அறிஞர் யூரே, சாதாரண ஐதரசனிலும் நிறை கூடிய ஐதரசனைக் கண்டறிந்தார். அது சேர்ந்த நீரே பாரநீர். அப்பொழுது பிரைபேர்க்கிலே பேராசிரியராயிருந்த ஹெவெசி யூரேயிடமிருந்து சிறிதளவு பாரநீரைப் பெற்றார். 1934இல் ஹோபர் என்பவருடன் கூடி, மனித உடலிலே நீர் தங்கும் காலத்தை ஆராய்ந்தார். அருந்திய நீரின் ஒரு துகள் சராசரியாக ஏறக்குறைய 13 நாள் உடலிலே தங்குகிறது என்பது புலனாயிற்று. மோஸ்லியோடு அருந்திய தேநீரின் வினாவுக்கு இங்ஙனம் விடை கிடைத்தது. அதனைக் கேட்டு மகிழ மோஸ்லி உயிரோடு இல்லை.

எலியும் எலும்பும் மூளையும்

ஜெர்மனியிலே ஹிட்லரின் ஆட்சி எழுந்தமையால் ஹெவெசி 1934இல் பிரைபேர்க்கை விட்டு மீண்டும் கொப்பன்ஹேகனை அடைந்தார். அவ்வாண்டே பிரான்சிலே செயற்கையாகக் கதிர்வீசும் அணுக்களை ஆக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதனைக் கேட்டவுடன் ஹெவெசி கந்தகச் சேர்வையொன்றின்மீது நியூத்திரன்களைச் செலுத்திக் கதிர்வீசும் பொசுபரசை ஆக்கிக்கொண்டார். பொசுபரசு எலும்பிலும் தசையிலும் மூளையிலும் உள்ளது. இப்பொழுதுதான் மந்தையின் உண்மையான ஆட்டுக்கு மணி கட்டப்பட்டது.

டென்மார்க்கு நாட்டு வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து எலிகளுக்கு அப்பொசுபரசை உணவிலே ஊட்டி, உறுப்புக்கள் ஒவ்வொன்றிலும் அது எவ்வளவு சேர்ந்தது என்பதை அளந்தார். 1935இல் முடிவு வெளியாயிற்று. எலும்பு என்பது கட்டிமுடித்த சுவரைப்போல மாறாதது என்று எண்ணியிருந்தோர் வியப்புற்றனர். எலும்பிலுள்ள அணுக்களும் இடையறாது நீங்கிப் புதியன புகுகின்றன. எலியின் உடலிலே ஒரு பொசுபரசு அணு சராசரியாக இரண்டு மாதமளவே தங்குகிறது. 1937இல், வளர்ந்து முடிந்த விலங்கின் மூளையிலுங்கூடப் பொசுபரசுக் கொழுப்புக்கள் புதிதாக உண்டாகின்றன என்பதையும் காட்டினார். உடம்பு ஆற்றைப் போன்றது. உருவம் நிற்கிறது, நீர் ஓடுகிறது. யாக்கை நிலையாது என்று நம் பெரியோர் மொழிந்ததை இரசாயனக் கணக்காலே கண்டவர் ஹெவெசி என்று கூறின் மிகையாகாது.

1940இல் குருதிக்கும் இதே வழியைக் கையாண்டார். கதிர்வீசும் பொசுபரசு ஏற்றிய செங்குருதிச் சிறுதுணிக்கைகளை நரம்பினுட் செலுத்தி, அவை உடற் குருதியோடு நன்கு கலந்தபின் ஒரு துளியை எடுத்து அளந்தார். அடையாளம் எத்தனை மடங்கு ஐதாகியதென்பதைக் கொண்டு உடலிலுள்ள குருதியின் மொத்த அளவு கணிக்கப்பட்டது. குருதியைப் பாத்திரத்திலே வடிக்காமல் அளக்கும் வழி இது. குருதியின் அளவை அறிந்தபின், அதன் ஓட்டத்தை அறிவது அடுத்த படியாயிற்று.

கரைந்து பிழைத்த பொன்

1940 ஏப்பிரல் 9ஆந் திகதி ஜெர்மன் படைகள் டென்மார்க்கினுட் புகுந்தன. போரின் நிலையத்திலே பெரும் ஆபத்தான பொருள் ஒன்று இருந்தது. ஜெர்மனியின் நோபெல் பரிசு அறிஞராகிய லவ்வே, பிராங்க் ஆகிய இருவரின் பொற்பதக்கங்களே அவை. நாஜிகளின் கையில் அகப்படாதிருக்கும்பொருட்டு அங்கு அனுப்பப்பட்டிருந்தன. பொன்னை ஜெர்மனிக்கு வெளியே அனுப்புவது அக்காலத்திலே கொடிய குற்றம். பதக்கத்திலோ உரியவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. மண்ணிலே புதைக்கலாமென்று ஹெவெசி கருதினார். தோண்டியெடுத்து விடுவார்களென்று போர் அஞ்சினார். எனவே, படைவீரர் வீதியிலே அணிவகுத்துச் செல்லும் வேளையில், நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த இராசதிராவகத்திலே பதக்கங்களை இட்டு ஹெவெசி கரைக்கத் தொடங்கினார். பொன் எளிதிற் கரைவதன்று, வெகுநேரம் பிடித்தது. படைவீரர் நிலையத்தைச் சோதனையிட்டனர். கரைசல் நிறைந்த போத்தல் தட்டிலே மற்றைப் போத்தல்களோடு இருந்தது. எவரும் அதனைத் தீண்டவில்லை.

போர் முடிந்தபின் ஹெவெசி வந்து பார்க்கையில் போத்தல் இருந்தபடியே இருந்தது. கரைசலிலிருந்து பொன்னைப் பிரித்தெடுத்து அனுப்ப, நோபெல் நிறுவனத்தார் அப்பொன்னாலேயே பதக்கங்களை மீண்டும் வார்த்து உரியோருக்கு வழங்கினர். கண்ணுக்குத் தோன்றாத பொருள் அழிந்துவிட்டதன்று என்பதை வாழ்நாள் முழுதும் ஆய்வுகூடத்திலே கண்டவருக்கு, ஆபத்து வேளையிலும் அவ்வறிவே கைகொடுத்தது.

1943இல் யூத வழியினருக்கு ஆபத்து முற்றியபோது ஹெவெசி சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். அணுச் சமதானிகளை அடையாளமாகக் கொண்டு இரசாயன நிகழ்ச்சிகளை ஆராய்ந்தமைக்காக 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு அவருக்கு 1944இல் அளிக்கப்பட்டது. அணுவின் ஆற்றல் குண்டாகி இரு நகரங்களை அழித்த காலத்திலும், அதே அணுவை நோயறியும் கருவியாக்கிய பெருமை அவருக்குண்டு. அமைதிக்கான அணுப் பரிசு 1958ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. 1966 ஜூலை 5ஆந் திகதி பிரைபேர்க் நகரத்திலே, தாம் பட்டம் பெற்ற அதே ஊரிலே, தமது எண்பதாவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 2001இல் அவரது உடல் தாயகமாகிய புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது.

மூளையிலே ஓடும் குருதி

அவர் நட்ட மரம் கொடுத்த கனிகளுள் ஒன்றை மாத்திரம் இங்கு எடுத்துக் காட்டுவோம். மனிதனின் மூளை உடல் நிறையிலே நூற்றுக்கு 2 பங்கே. ஆனால் உடல் செலவிடும் ஒட்சிசனிலே நூற்றுக்கு 20 பங்கை அதுவே உட்கொள்கிறது. அதனிடம் சேமிப்பு இல்லை. அன்றாடங் காய்ச்சியின் வீட்டைப்போல, குருதி ஒவ்வொரு கணமும் கொண்டுவருவதாலேயே அது பிழைக்கிறது. ஆகவே மூளையின் எப்பகுதிக்கு எவ்வளவு குருதி செல்கிறது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி. ரோய், ஷெரிங்டன் என்னும் இருவர் 1890இலேயே நாய் முதலிய விலங்குகளிலே இதனை ஆராய்ந்து, மூளை வேலைசெய்யும் இடத்திற்குக் குருதி கூடுதலாகச் செல்லும் என்று ஊகித்தனர். ஊகத்தை அளவாக மாற்ற அவர்களிடம் தகுந்த கருவி இருக்கவில்லை.

1940களிலே அமெரிக்காவில் கெற்றி என்பவர் ஓர் எளிய கணக்கை அமைத்தார். அதனை நம் தோட்டத்து உவமையாற் கூறலாம். ஒவ்வொருத்தியும் ஒரே அளவு கொழுந்தையே மடுவத்தில் இறக்குகிறாளென்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி இறக்கியது எவ்வளவு என்பதும், மடுவத்திலே சேர்ந்த மொத்த நிறை எவ்வளவு என்பதும் தெரிந்தால், எத்தனை பேர் வந்துபோயினர் என்பதை வாசலிலே நின்று எண்ணாமலே கூறலாம் அல்லவா? அவ்வாறே, மூளை உள்வாங்கிய வாயுவின் மொத்தத்தை, ஒவ்வொரு மில்லிலீற்றர் குருதியும் அங்கு விட்டுச்சென்ற அளவாற் பிரித்தால், வந்துபோன குருதியின் அளவு கிடைக்கும். முதலிலே நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவைக் கொண்டு மனிதரில் அளந்தனர். 100 கிராம் மூளைக்கு நிமிடமொன்றிற்கு ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் என்ற அளவு தெரியவந்தது.

ஆனால் அது மூளை முழுவதற்குமான சராசரி. பகுதி பகுதியாக அறிய ஹெவெசியின் வழி வேண்டியதாயிற்று. 1955இல் கெற்றியும் சொகொலோவ் முதலிய தோழரும் கதிர்வீசும் அயடீன் சேர்ந்த வாயுவைப் பூனைகளின் குருதியிற் செலுத்தினர். பின்னர் மூளையை மெல்லிய தகடுகளாக அரிந்து ஒளிப்படத் தாளிலே வைத்தனர். குருதி மிகுதியாகச் சென்ற இடம் மிகுதியாகக் கறுத்தது. பூனையின் கண்ணுக்கு ஒளி காட்டியபோது பார்வைக்குரிய பகுதியிலே ஓட்டம் கூடியது. 1890இன் ஊகம் படமாயிற்று. 1960களின் தொடக்கத்திலே, ஹெவெசி உழைத்த கொப்பன்ஹேகனைச் சேர்ந்த லாசனும் சுவீடன் நாட்டு இங்வாரும் கதிர்வீசும் கிறிப்தனைக் கொண்டு உயிருள்ள மூளையிலேயே இதனை அளந்தனர்.

1970களிலே வளையமாக அமைந்த கருவிகள் வந்தன. உடலினுட் செலுத்திய அணு பொசித்திரன் என்னும் துகளை வீசுகிறது. அத்துகள் அருகிலுள்ள இலத்திரனோடு மோதி மறைய, இரண்டு கதிர்கள் எதிரெதிர்த் திசைகளிலே புறப்படுகின்றன. சுற்றிலும் உள்ள உணர்கருவிகள் அவ்விரண்டையும் ஒரே கணத்தில் ஏற்று, அவை புறப்பட்ட இடத்தைக் கணித்துப் படமாக்குகின்றன. மூளைக் குருதியோட்டத்தை அளக்க இம்முறையிலே சிறந்ததெனக் கொள்ளப்படும் பொருள் எது தெரியுமா? கதிர்வீசும் ஒட்சிசன் சேர்ந்த நீர்! அவ்வொட்சிசனின் அரைவாழ்வுக் காலம் இரண்டு நிமிடமளவே. பன்றியிலும் குரங்கிலும் எலியிலும் மனிதரிலும் அந்நீர் குருதியோடு சென்று மூளையை அடைவதை இன்று கண்ணாரக் காணலாம். கோப்பை நீருக்கு அடையாளம் இடவேண்டுமென்று மான்செஸ்டரிலே ஓர் இளைஞன் கொண்ட ஆசை, மூளைவரை வந்து சேர்ந்துவிட்டது.

உயிர்க்கொலையும் உயிர்க்காப்பும்

இங்கே நம் வாசகர், சிறப்பாக முதியோர், ஒரு வினாவை எழுப்புதல் கூடும். எலியும் பூனையும் கொல்லப்பட்டனவே. எவ்வுயிரையும் தம்முயிர்போல் எண்ணவேண்டும் என்னும் நெறியிலே வந்த நாம் இதனைப் புகழலாமா? இவ்வினா நியாயமானது. இதனை மூடிமறைக்க நாம் விரும்பவில்லை. ஹெவெசியின் எலிகள் கொல்லப்பட்டே அளக்கப்பட்டன. பூனைகளும் அவ்வாறே.

ஆயினும் இம்முறை சென்ற திசையை நோக்குக. முன்னாளிலே நோய் தொடங்கியபோது எத்தனை குருதி, ஒரு நாள் கழிந்து எத்தனை, ஒரு வாரம் கழிந்து எத்தனை என்று அறிய ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கூட்டம் விலங்குகள் மாளவேண்டியிருந்தது. இன்று எலிக்கென்றே அமைந்த சிறிய படக்கருவி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவான பகுதியையும் வேறாகக் காட்டுகிறது. ஒரே எலியை மயக்கத்திலே கிடத்தி மீண்டும் மீண்டும் படமெடுக்கலாம். இடையிலே அது தன் கூட்டில் உயிரோடு உலாவும். 1959இல் ரசல், பேர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர், விலங்குக்குப் பதில் வேறு வழி காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். இவற்றுட் பின்னைய இரண்டுக்கும் இப்படக்கருவி துணைபுரிகிறது. கொலை முற்றாக ஒழிந்துவிட்டதென்று நாம் கூறோம். கருணையுள்ளவன் கையிலே சேர்ந்தால் விஞ்ஞானமும் கருணையை நோக்கி நடக்கும் என்பதே எமது துணிபு. அக்கருணையை ஆய்வுகூடத்தினுட் கொண்டுசெல்லும் கடமை நம் இளைஞர்க்கும் உண்டு.

எமது வீட்டுக் கதை

முதலிலே கூறுவோமென்ற காரணத்தை இனிக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது அம்மாயி, காலை ஒன்பது மணியளவிலே, கொழுந்து மலையில் கூடையோடு சரிந்து விழுந்தார். வாய் ஒருபுறம் கோணியது, வலக்கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. காற்றுக் கருப்புப் பட்டதென்று வீட்டார் கருதினர். திருநீறு இட்டனர்; எண்ணெய் தேய்த்தனர்; உறங்கினாற் சரியாகுமென்று படுக்கவைத்தனர். மறுநாட் காலையிலேதான் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். உயிர் தப்பினார். ஆனால் அதன்பின் வாழ்ந்த நாலு ஆண்டும் எம்மைப் பெயர் சொல்லி அழைக்க அவரால் இயலவில்லை. எவரையும் நாம் குறைகூறவில்லை. எமது அறியாமையே குற்றவாளி.

சர்வகலாசாலைக்குச் சென்றபின்னரே நாம் ஒன்றைக் கற்றோம். விலங்குகளிலே குருதியோட்டத்தை அளந்தவர் கண்ட உண்மை அது. 100 கிராமுக்கு 50 மில்லிலீற்றராயுள்ள ஓட்டம் 20 அளவுக்குக் கீழே குறைந்தால் மூளையின் அப்பகுதி வேலையை நிறுத்துகிறது. 10 அளவுக்குக் கீழே குறைந்தால் விரைவில் மடிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி இறந்ததன்று; உறங்குவது. அது மணிக்கணக்கிலே காத்திருக்கும், நாட்கணக்கிலே காத்திராது. குருதிக்கட்டி அடைத்து வந்த பாரிசவாதமாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துள் ஏற்றினால் பலரின் கையும் பேச்சும் மீளுதல் கூடும். கட்டியா, குருதிப் பெருக்கா என்பதை வைத்தியசாலையிலே படமெடுத்துத்தான் அறியமுடியும். எமது அம்மாயி எண்ணெய் வாசனையோடு படுத்திருந்த அந்த இரவிலே, அவருடைய பேச்சு அவருள்ளே உறங்கிக்கொண்டு எம்மை எதிர்பார்த்திருந்ததோ என்று எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே அன்பர்களே, இச்சரித்திரத்தைப் படித்து வியந்து மூடிவிடாதீர்கள். வாய் கோணுகிறதா, கை சோர்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று தென்பட்டாலும் மணியைக் குறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி வரும். திருநீற்றை வழியிலே இடலாம். வழிபாட்டை வண்டியிலே செய்யலாம். எமது சங்கத்து இளைஞர் ஒவ்வொரு லயத்திலும் இதனைச் சொல்லிவைப்பின், அதுவே இவ்வாண்டின் சிறந்த தொண்டாகும்.

பாடசாலை மாணாக்கருக்கு ஒரு வார்த்தை. ஹெவெசி இட்ட பணியிலே தோற்றவர். தோற்ற காரணத்தை ஆராய்ந்தார். அக்காரணமே அவருக்குக் கருவியாயிற்று. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தவறிவிட்டோமென்று தோட்டத்துப் பிள்ளை எவரும் படிப்பை விடலாகாது. நாளை நம் மலைநாட்டிலிருந்தும் ஒருவர், காலைத் தேநீர்க் கோப்பையைக் கையிலேந்தி, இதுவரை எவரும் கேளாத வினா ஒன்றைக் கேட்கக்கூடும். அவ்வினாவைக் கேட்டு நகையாதிருப்போமாக.